தலைமையாசிரியரை ஆக்கும் கல்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு காட்டும் வழி

ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் எழுப்புவது எளிய செயலன்று. நிலம் வேண்டும், பொருள் வேண்டும், அரசின் ஏற்பு வேண்டும், யாவற்றிற்கும் மேலாக, ஒரு நாள் கூலியை இழந்தேனும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் மனவுறுதி வேண்டும். இவை அனைத்தும் கைகூடிய பின்னரும் ஒரு பள்ளி தழைப்பதும் தளர்வதும் பெரும்பாலும் அதன் தலைமையாசிரியரைப் பொறுத்தே அமைகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் இவ்வுண்மை இன்னும் அழுத்தம் பெறுகிறது. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி தவறினாலும் வீடு கைகொடுக்கும். எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளி தவறினால் வேறு துணையில்லை.

அத்தகைய தலைமையாசிரியர் எவ்வாறு உருவாகிறார்? நல்லாசிரியர் ஒருவர் ஆண்டுகள் பல கடந்தால் தாமாகவே நல்ல தலைமையாசிரியராகி விடுவார் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. பணி மூப்பு அனுபவத்தைத் தரும் என்பதில் ஐயமில்லை. ஆயின் வகுப்பறையை ஆள்வது வேறு; பள்ளியை நடத்துவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கக் கல்வியியலில் பட்டமேற்படிப்பு எவ்வாறு துணை செய்தது என்பதையும், அப்படிப்பு எவரெவர்க்கு மறுக்கப்பட்டது என்பதையும் ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம். அந்நாடு அமெரிக்கா, அம்மக்கள் அங்குள்ள கறுப்பினத்தார். அவர்தம் வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் வரலாற்றின் பக்கங்களையே புரட்டுவது போன்ற உணர்வு தோன்றுவதால் இதனைத் தேர்ந்தோம்.

பள்ளித் தலைமை ஒரு படிப்பானது

பள்ளி நிருவாகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கலாம் என்னும் எண்ணமே மிகப் பழையதன்று. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆசிரியர் பயிற்சி என்பது பெரும்பாலும் ‘நார்மல் பள்ளி’ எனப்பட்ட பயிற்சிப் பள்ளிகளோடு நின்றது. 1887ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஆசிரியர் பயிற்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. பின்னர் ‘டீச்சர்ஸ் கல்லூரி’ எனப் பெயர் பூண்ட அது, 1898இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1905ஆம் ஆண்டு அங்கே டாக்டர் பட்டம் பெற்ற இருவர் பள்ளி நிருவாகக் கல்வியின் போக்கையே வகுத்தவர்கள். ஒருவர் ஜார்ஜ் ஸ்டிரேயர். மற்றவர் எல்வுட் கப்பர்லி. ஸ்டிரேயர் டீச்சர்ஸ் கல்லூரியிலேயே பேராசிரியராக அமர்ந்தார். கப்பர்லி கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையை வளர்த்தார்.

இவர்கள் கற்பித்தவை யாவை? பள்ளியின் வரவு செலவை முன்கூட்டித் திட்டமிடல், ஆசிரியர் பணியை மேற்பார்த்தல், மாணவர் வருகையையும் தேர்ச்சியையும் கணக்கிட்டுக் காரணம் காணல், பாடத்திட்டத்தைச் சீர்தூக்கல், கல்விச் சட்டங்களை அறிதல் ஆகியவை. ஒரு நகரின் பள்ளிகள் அனைத்தையும் நேரில் ஆய்ந்து குறை நிறைகளை எழுதும் ‘பள்ளி அளவாய்வு’ என்னும் முறையை ஸ்டிரேயர் பெரிதும் பரப்பினார். பள்ளிக் கட்டடத்தின் காற்று, வெளிச்சம், கழிப்பிடம், குடிநீர் ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண் இடும் அட்டையொன்றை வகுத்ததும் அவரே. ‘இப்பள்ளி மோசம்’ என்று வாயால் சொல்வதற்கும், ஆயிரம் மதிப்பெண்ணில் இத்தனைதான் என்று எழுதிக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை முறையீடு எழுதிப் பழகிய நம்மவர் நன்கறிவர்.

இக்கல்வியில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. கப்பர்லி 1916இல் எழுதிய நிருவாக நூலில் பள்ளியை ஆலைக்கும் மாணவரை அங்கே உருவாகும் பொருளுக்கும் ஒப்பிட்டார். ஆலையில் மூலப்பொருளின் கருத்தை எவரும் கேட்பதில்லை. இதற்கு மாறான பார்வையும் அதே கொலம்பியாவில் இருந்தது. 1904இல் அங்கு வந்து சேர்ந்த தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி, பள்ளியை ஒரு சிறு சமுதாயமாகக் கண்டார். சேர்ந்து வாழ்தலையும் சேர்ந்து சிந்தித்தலையும் மக்கள் பயிலும் இடம் அது என்பது அவர் கொள்கை. கணக்கும் மேற்பார்வையும் ஒரு புறம், மக்களாட்சிப் பண்பு மறு புறம் என இவ்விரண்டும் கூடியதே நல்ல தலைமைக் கல்வி என்பது எம் கருத்து.

மூடிய கதவுகள்

இக்கல்வி வளர்ந்த அதே காலத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் நிலை யாது? 1896இல் உச்ச நீதிமன்றம் ‘தனித்தனியே ஆயினும் சமமாக’ என்னும் கோட்பாட்டை ஏற்றது. தனித்தனி என்பது நடைமுறைக்கு வந்தது. சமம் என்பது ஏட்டோடு நின்றது. பள்ளிகள் வேறு, பேருந்துகள் வேறு, பாடநூல்களும் வேறு. வெள்ளையர் பள்ளி பயன்படுத்திக் கழித்த நூல்கள் கறுப்பினப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன.

இருப்பினும் அம்மக்கள் கல்வியை விடவில்லை. புக்கர் வாஷிங்டனின் முயற்சியாலும் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நன்கொடையாலும் 1912 தொடங்கி 1932 முடிய, தென் மாநிலங்களின் சிற்றூர்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. நன்கொடை முழுச் செலவையும் ஏற்கவில்லை. அவ்வூர் மக்களும் தம் பங்கைத் தந்தாக வேண்டும் என்பது விதி. குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்தோர் காசு சேர்த்தனர். காசில்லாதோர் மரமும் உழைப்பும் தந்தனர். நம் சேரிகளில் ஓலைக் கொட்டகையில் பள்ளி தொடங்கிய முன்னோரை இது நமக்கு நினைவூட்டுகின்றது.

கட்டடம் எழுந்தது, ஆசிரியரும் கிடைத்தனர். அவர்களை நடத்திச் செல்லும் தலைமையாசிரியர் எங்கே மேற்படிப்புப் படிப்பது? தென் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தாரைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தார்க்கென அம்மாநிலங்கள் நடத்திய கல்லூரிகளில் நெடுங்காலம் பட்டமேற்படிப்பே இல்லை. தனியார் நிறுவனங்களுள் ஹோவர்டு, பிஸ்க் போன்ற சிலவே அக்குறையை ஓரளவு நீக்கின. அட்லாண்டா பல்கலைக்கழகம் 1929இல் பட்டமேற்படிப்பிற்கென மாற்றி அமைக்கப்பெற்றது. தேவையோ பன்மடங்கு.

அரசுகள் இதற்கு ஒரு விந்தையான வழி கண்டன. எம் மாநிலத்தில் உனக்கு இடமில்லை. வேறு மாநிலம் சென்று படி. கட்டணத்தில் ஒரு பகுதியை யாம் தருகின்றோம் என்றன. 1921இல் மிசௌரி மாநிலம் இத்திட்டத்தை முதலில் சட்டமாக்கியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. தம் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து, நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் உள்ள வேற்றூருக்கு இரயிலேறிச் சென்று படிக்க வேண்டிய நிலை அம்மக்களுக்கு ஏற்பட்டது.

கோடை விடுமுறைப் பட்டதாரிகள்

எனினும் வரலாற்றில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. வெளியே தள்ளுவதற்கென வகுத்த திட்டமே அவர்களை நாட்டின் தலைசிறந்த கல்வியியல் நிறுவனங்களுக்குக் கொண்டு சேர்த்தது. தென் மாநிலக் கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியரும் கோடை விடுமுறை தோறும் நியூயார்க்கின் டீச்சர்ஸ் கல்லூரிக்கும், சிகாகோ, மிச்சிகன் முதலிய பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். ஒரு கோடையில் சில பாடங்கள், அடுத்த கோடையில் சில பாடங்கள் எனப் பல ஆண்டுகள் சேர்த்துப் பட்டம் பெற்றோர் பலர். விடுமுறையில் இளைப்பாற வேண்டிய உடம்பு நூலகத்தில் விழித்திருந்தது.

ஆம்புரோஸ் காலிவர் என்பார் டென்னசி மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். 1930ஆம் ஆண்டு கொலம்பியாவின் டீச்சர்ஸ் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்க மத்திய அரசின் கல்வி அலுவலகத்தில் கறுப்பினக் கல்விக்கான வல்லுநராக அமர்ந்தார். அப்பதவியிலிருந்து நாடெங்கும் கறுப்பினப் பள்ளிகளின் நிலையைப் புள்ளிவிவரங்களோடு வெளியிட்டார். அளந்து சொல்லும் கல்வி அளக்கப்படாதோரின் குரலாக மாறியது.

வட கரோலினாவின் காஸ்வெல் மாவட்டத்தில் என். எல். டில்லார்டு என்னும் தலைமையாசிரியர் 1930களில் தொடங்கி 1969இல் தாம் மறையும் வரை ஒரே பள்ளியை நடத்தினார். அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தாம் பெற்றதோடு அமையாது, தம் ஆசிரியர்களையும் மேற்படிப்புக்குத் தூண்டினார். ஆசிரியர் கூட்டங்கள் அவர் பள்ளியில் சுற்றறிக்கை படிக்கும் சடங்காக அமையவில்லை. கற்பிக்கும் முறைகளை விவாதிக்கும் இடமாயின. பெற்றோர் சங்கத்தை வலுப்படுத்திப் பள்ளியின் தேவைகளைக் கல்விக் குழுவின் முன் வைத்தார். ஆசிரியர்கள் மாணவர் இல்லங்களுக்குச் சென்றனர். பணமும் கருவிகளும் குறைந்த பள்ளி, பிள்ளைகளின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடாத பள்ளியாக விளங்கியது. கல்வி வரலாற்றாசிரியர் வனெசா சிடில் வாக்கர் இப்பள்ளியைப் பற்றி 1996இல் ஒரு தனிநூலே எழுதியுள்ளார்.

ஜார்ஜியா மாநிலத்தின் யுலிசஸ் பையஸ் டீச்சர்ஸ் கல்லூரியில் முதுகலை பயின்று, கெயின்ஸ்வில் நகரில் தலைமையாசிரியராக விளங்கியவர். பின்னர் 1970இல் அலபாமாவின் மேக்கன் மாவட்டப் பள்ளிகள் அனைத்திற்கும் கண்காணிப்பாளராக உயர்ந்தார். அதே ஜார்ஜியாவின் ஹோரஸ் டேட் என்பாரும் தலைமையாசிரியராயிருந்து கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். தம் மாநிலக் கறுப்பின ஆசிரியர் சங்கத்தை வழிநடத்தி, பின்னாளில் மாநிலச் சட்டமன்ற மேலவையிலும் அமர்ந்தார். பள்ளியில் தொடங்கிய தலைமை பள்ளியின் மதிலோடு நிற்கவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

இவர்கள் மேற்படிப்பில் பெற்றவற்றுள் பாடங்கள் ஒரு பாதியே. மறு பாதி, பல மாநிலத்துத் தலைமையாசிரியர் ஓரிடத்தில் கூடியமை. உன் ஊரில் பேருந்து எவ்வாறு பெற்றாய், என் ஊரில் ஆய்வகம் எவ்வாறு அமைத்தேன் என்று அவர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொண்டனர். தனித்தனி ஊர்களில் தனியே போராடியோர் ஒரு தோழமையாயினர். நூலால் வரும் அறிவோடு உறவால் வரும் துணிவும் சேர்ந்தது.

அறைக்கு வெளியே ஓர் இருக்கை

வெளிமாநிலம் அனுப்பும் திட்டம் 1938இல் நீதிமன்றத்தில் அடிபட்டது. மிசௌரியின் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட லாயிட் கெயின்ஸ் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் வெள்ளையர்க்குத் தரும் கல்வியைக் கறுப்பினத்தார்க்கும் தன் எல்லைக்குள்ளேயே தரக் கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் தீர்ப்பு வந்த பின்னரும் பல மாநிலங்கள் பழைய வழியையே தொடர்ந்தன.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய வழக்கு இதன் பின்னர் வந்தது. ஜார்ஜ் மெக்லாரின் என்பார் ஒக்லகோமா மாநிலத்துக் கறுப்பின ஆசிரியர். முதுகலைப் பட்டம் பெற்றவர். நெடுநாள் கல்லூரியில் கற்பித்தவர். 1948இல் அவர் ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் டாக்டர் பட்டத்திற்கு விண்ணப்பித்தார். இரு இனத்தாரையும் ஒரே பள்ளியில் கற்பிப்பதும், அங்குக் கற்பதும் குற்றம் என்று அம்மாநிலச் சட்டம் கூறியது. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். அச்சட்டத்தைக் காட்டி இடம் மறுத்தல் செல்லாது என்னும் தீர்ப்புப் பெற்றார். அவ்வாண்டிலேயே சேர்த்துக் கொள்ளப்பட்டார்.

சேர்த்துக் கொண்டனர், ஆனால் எவ்வாறு? வகுப்பறைக்குள் அவருக்கு இடமில்லை. வகுப்பறையை அடுத்த சிற்றறையில் அவர் இருக்கை போடப்பட்டது; அங்கிருந்தவாறே விரிவுரை கேட்க வேண்டும். நூலகத்தின் பொதுப் படிப்பறை அவருக்கு விலக்கு. மேல்தளத்து மேசையொன்று அவர்க்கென ஒதுக்கப்பட்டது. உணவு விடுதியில் தனி மேசை; அதுவும் பிறர் உண்ணும் வேளையில் அன்று, வேறு வேளையில். பின்னர் வகுப்பறைக்குள் இடம் தந்தபோது அவரைச் சுற்றித் தடுப்புக் கட்டிக் கறுப்பினத்தார்க்கு உரியது என்று பலகையும் மாட்டினர். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்த வேளையில் தடுப்பு நீங்கியது. ஆனால் தனி வரிசையும் தனி மேசைகளும் நீங்கவில்லை. கோணிச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டு போய் வகுப்பின் மூலையில் விரித்து அமர்ந்த தலைமுறையின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பல்கலைக்கழகத்தின் தரப்பில் கூறிய வாதத்தையும் கருதுக. அதே ஆசிரியர், அதே விரிவுரை, அதே நூல்கள். இருக்கை வேறாயின் என்ன? கல்வியில் குறை ஏது? இது பெயரளவான வேற்றுமைதானே என்றனர்.

உச்ச நீதிமன்றம் 1950ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் ஒருமித்த தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி வின்சன் எழுதிய அத்தீர்ப்பு நீளத்தில் சிறியது, பொருளில் பெரியது. பிற மாணவரோடு கலந்துரையாடவும் கருத்தைப் பரிமாறவும் இயலாதவாறு ஒருவரைப் பிரித்து வைத்தல், அவர் தம் தொழிலைக் கற்கும் ஆற்றலையே குறைக்கின்றது என்று அது கூறியது. அதனோடு நில்லாது மேலும் ஒரு படி சென்றது. கல்வியியலில் உயர்பட்டம் நாடும் இவர் நாளை பிறர்க்குத் தலைவராகவும் பயிற்றுநராகவும் விளங்கப் போகின்றவர். இவர் பெறும் கல்வியில் குறை நேரின் இவர் வழிநடத்தும் மக்களின் கல்வியிலும் அக்குறை நேரும் என்பது அதன் சாரம். கருத்துப் பரிமாற்றத்தை அரசே தடுப்பது வேறு, தனி மனிதர் பழக மறுப்பது வேறு என்பதையும் அது தெளிவாக்கியது.

கல்வியியல் மேற்படிப்பைப் பற்றி இதனினும் தெளிவாக எடுத்துரைத்த ஓர் ஆவணத்தை யாம் கண்டதில்லை. மேற்படிப்பு என்பது குறிப்பெடுத்துத் தேர்வெழுதி முடிப்பதன்று. கேட்டல், மறுத்தல், மறுக்கப்படுதல், தன் கருத்தைத் திருத்தல், பிறர் கருத்தைத் திருத்துதல் ஆகிய பயிற்சியே அதன் உயிர். பள்ளித் தலைமைக்கும் இதுவே உயிர். சிற்றறையிலிருந்து விரிவுரை மட்டும் கேட்டவர் பாடத்தை அறிவார். அவையில் எழுந்து பேசும் பழக்கத்தை எங்கே பெறுவார்? ஆசிரியர் முப்பதின்மரும் பெற்றோர் முந்நூற்றுவரும் கூடிய அவையை அவர் நாளை எவ்வாறு நடத்துவார்? ஒருவரின் இருக்கையை விலக்கி வைத்தபோது அவர் கீழ்க் கற்கவிருந்த ஆயிரம் பிள்ளைகளின் இருக்கையும் விலகியது. இதனை நீதிமன்றம் உணர்ந்தது. இவ்வழக்கை நடத்திய வழக்கறிஞருள் ஒருவரான துர்குட் மார்ஷல், நான்கே ஆண்டுகளில், 1954 மே 17இல், பள்ளிகளில் இனப்பிரிவினையே சட்டத்திற்கு முரண் என்னும் பெருந்தீர்ப்பையும் வென்றார்.

வெற்றிக்குப் பின் வந்த இழப்பு

வரலாறு இங்கே முடிந்திருப்பின் இக்கட்டுரையை வாழ்த்துரையோடு முடித்திருப்போம். ஆனால் கசப்பான பகுதி ஒன்று எஞ்சியுள்ளது. 1954க்குப் பின் பள்ளிகளை இணைக்க நேர்ந்தபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. இணைந்த பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியர் போதும் என்ற நிலையில், வெள்ளையரே அப்பதவியைப் பெற்றனர். முதுகலைப் பட்டமும் பல்லாண்டு அனுபவமும் பெற்ற கறுப்பினத் தலைமையாசிரியர்கள் துணைத் தலைமையாசிரியராகவும் வகுப்பாசிரியராகவும் இறக்கப்பட்டனர். பலர் வேலையே இழந்தனர். 17 தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் 1954 முதல் 1965 வரை ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் நிருவாகிகளும் பணியிழந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. 1969இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பணிக்குறைப்பில் இனம் பாராத அளவுகோல்களையே கையாள வேண்டும் என்று ஆணையிட்டது. 1971இல் அமெரிக்க மேலவையின் குழுவொன்று கறுப்பினத் தலைமையாசிரியர் இடம்பெயர்க்கப்பட்டமை குறித்து விசாரணை நடத்தியது. அதற்குள் பல பள்ளிகளின் பெயர்ப் பலகைகளும் பரிசுக் கோப்பைகளும் மறைந்து விட்டன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? பட்டம் வேண்டும், பட்டம் மட்டும் போதாது. தலைமையாசிரியரை அமர்த்தும் குழுவிலும், பள்ளியை மூடவோ இணைக்கவோ முடிவெடுக்கும் மேசையிலும் நம்மவர் இல்லையெனில், எத்தனை உயர்பட்டமும் ஓர் ஆணையில் செல்லாக் காசாகி விடும். இன்று மாணவர் குறைவைக் காரணங்காட்டிப் பள்ளிகளை இணைக்கும் பேச்சு எழுமிடமெல்லாம் இவ்வரலாற்றை நினைத்துப் பார்த்தல் நலம்.

நம்மோடு உள்ள தொடர்பு

இவ்வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று. சிறுவனாயிருந்தபோது பள்ளியில் தனியே கோணி விரித்து அமர்த்தப்பட்ட பாபாசாகேப் அம்பேத்கர், பரோடா மன்னர் தந்த உதவித்தொகையுடன் 1913இல் சென்று சேர்ந்தது இதே கொலம்பியா பல்கலைக்கழகம். 1915இல் அங்கே முதுகலைப் பட்டம் பெற்றார். ஜான் டூயியின் வகுப்புகளில் அமர்ந்து, அவர் கருத்துகளால் வாழ்நாள் முழுதும் ஊக்கம் பெற்றார். அங்கே அவர் இருக்கையைச் சுற்றித் தடுப்பில்லை. 1946இல் அவர் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்சுக்கு எழுதிய மடலும், அவர் விடுத்த மறுமொழியும், கடல் கடந்த இரு மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தமைக்குச் சான்று.

அவரைச் சட்ட மேதையாகவும் அரசியல் தலைவராகவும் போற்றும் நாம், கல்வி நிறுவனத் தலைவராக மறந்து விடுகின்றோம். 1935இல் அவர் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வரானார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியும் அதன் வழி எழுந்தன. நம் தமிழகத்திலும் பள்ளியாசிரியராயிருந்து பாடநூல்கள் எழுதிய எம். சி. ராஜா, சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை வளர்த்த சுவாமி சகஜானந்தர் ஆகியோர் கல்வித் தலைமையும் சமூகத் தலைமையும் ஒன்றே என்பதை வாழ்ந்து காட்டினர்.

இன்று கல்வியியல் முதுகலைப் படிப்பு நமக்குச் சட்டத்தால் மூடப்படவில்லை. எனினும் அதனை நாம் எந்நோக்கோடு நாடுகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊக்க ஊதிய உயர்வு ஒன்றையே கருதி எம்.எட். பட்டம் பெற்ற காலம் ஒன்று உண்டு. வகுப்புக்குச் செல்லாமலே பட்டம் பெறலாம் என்று ஆசை காட்டும் நிறுவனங்களும் உண்டு. அவ்வாறு பெறும் பட்டம், மெக்லாரினுக்கு வலிந்து தரப்பட்ட சிற்றறையை நாமே விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். அவர் கேட்டுப் போராடிப் பெற்றது சான்றிதழை அன்று. கூடி அமர்ந்து வாதிடும் உரிமையை.

ஆதலின் மேற்படிப்புக்குச் செல்லும் நம் இளைய ஆசிரியர்கட்குச் சில சொல்வோம். உங்கள் ஆய்வேட்டிற்கு எங்கோ உள்ள பொருளைத் தேடாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியை எடுத்துக் கொள்ளுங்கள். எந்த வகுப்பில் பிள்ளைகள் நிற்கின்றனர், எந்த மாதத்தில் நிற்கின்றனர், அறுவடைக் காலமா, ஆலை வேலைக் காலமா, பெண்பிள்ளைகள் ஏன் நிற்கின்றனர் என்று எண்ணி எழுதுங்கள். வரவு செலவுப் பாடத்தைச் சலிப்பென்று ஒதுக்காதீர்கள். கணக்கறியாத தலைமையாசிரியர் கணக்கரின் கையில் இருப்பார். கல்விச் சட்டங்களையும் அரசாணைகளையும் எண்ணோடும் நாளோடும் அறிந்து வையுங்கள். உரிமை கேட்போர்க்கு அதுவே கைக்கோல். கருத்தரங்கில் பின்வரிசையில் அமராதீர்கள்; முதல் வினாவை நீங்கள் எழுப்புங்கள்.

கல்விச் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடந்த 25 ஆண்டுகளில் நாம் மாணவர்க்கு உதவித்தொகை தந்தோம்; விடுதி நடத்தினோம்; பரிசளித்தோம். இனி ஆசிரியர்க்கும் உதவித்தொகை தருதல் வேண்டும். ஆண்டிற்கு இருவரையேனும் நல்ல பல்கலைக்கழகத்தில் முறையாக வகுப்பில் அமர்ந்து கல்வியியலில் மேற்படிப்புப் படிக்க அனுப்புவோம். கோடை விடுமுறையில் நம் சமூகத் தலைமையாசிரியரை ஓரிடத்தில் கூட்டுவோம். ஒருவர் பள்ளியின் வெற்றி மற்றவர் பள்ளிக்கு வழியாகட்டும். ஓர் ஆசிரியரைத் தலைமைக்குத் தகுதியாக்கின், அவர் ஓய்வு பெறுவதற்குள் அப்பள்ளி வழியே செல்லும் பிள்ளைகள் பல்லாயிரவர். அவர்களுள் பலர் தாமே ஆசிரியராவர், சிலர் தலைமையாசிரியராவர். பொன்விழா மலரில் கட்டுரை எழுதப் போகின்றவர்களும் அவர்களே.